வீடும் வளவும்: களிமண் முற்றத்து வெள்ளத்திற்கு ஒரு வழி



ஐப்பசி, கார்த்திகை மாரியில் முற்றத்து வெள்ளம் வடியாமல் தவிக்கும் வீடுகளுக்காகவே இம்மாதப் பக்கம்.

நான் இருப்பது துணுக்காய்ப் பக்கம். எங்கள் மண் கறுத்தக் களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பட்டதும் ஊதி, வெடிப்பெல்லாம் மூடி வழுக்கத் தொடங்கும். யுத்தத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் காலுடன் நடக்கும் எனக்கு, மாரியில் மலசலகூடம் வரை போய் வருவதே பெரும்பாடு. ஊன்றுகோல் ஒரு சாண் சேற்றில் இறங்கிவிடும். என்னைப் போன்ற பலர் இதை வாசிக்கிறீர்கள்.

சென்ற வருடம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி தொலைபேசியில், "அக்கா, இங்கை எல்லாரும் முற்றத்துக்குச் செயற்கைப் புல்லுத்தான் போடீனம். நான் காசு அனுப்புறன், நீங்களும் விரிச்சு விடுங்கோ. சேறு இராது" என்றான். அன்போடு சொன்ன சொல். ஆனாலும் காசைச் செலவழிக்க முன்னர், அந்தப் புல் என்ன செய்யும், என்ன செய்யாது என்று விசாரித்துப் பார்த்தேன்.

இந்தப் புல் பெயர் பெற்றது 1966இல், அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்து விளையாட்டரங்கில். அது முழுவதும் கூரை போட்ட அரங்கு. உள்ளே ஒரு துளி மழையும் விழாது. எங்கள் முற்றத்துக் கதை வேறு. பிளாஸ்ரிக் புல்லின் அடியில் துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றால் இறங்கும். இறங்கி எங்கே போவது? மணல் நிலம் ஒரு மணித்தியாலத்தில் 30 மில்லிமீற்றருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். களிமண் உறிஞ்சுவது 1 முதல் 5 மில்லிமீற்றர் வரைதான். களியின் மேல் நேரே புல்லை விரித்தால் தண்ணீர் அடியில் தங்கி நாற்றமெடுக்கும். சேறு மறையுமே தவிர வடியாது. ஒழுங்காகப் போடுவதென்றால் மேல்மண்ணை வெட்டி எடுத்து, சரிவு வைத்து, சல்லி பரப்பி இறுக்கி, அதன் மேல்தான் விரிக்க வேண்டும். அதாவது தண்ணீரை வடிப்பது புல் அல்ல, கீழே உள்ள சரிவும் சல்லியுமே. அவை இரண்டும் சரியாக இருந்தால் புல்லே தேவையில்லை. எங்கள் வெயிலில் அந்தப் பிளாஸ்ரிக் வெறுங்காலுடன் மிதிக்க முடியாதபடி சுடும் என்பதையும் யோசித்தேன்.

ஆகவே தம்பியின் காசில் செய்த வேலைகள் இவை.

முதலாவது, கூரைத் தண்ணீர். 20 அடிக்கு 25 அடிக் கூரையில் 2 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் தண்ணீர் விழும். அது பதினொரு பெரிய பரல் அளவு! இது தாழ்வாரத்தடியில் கொட்டினால் எந்த முற்றமும் தாங்காது. தகரத்திற்குப் பீலி பூட்டி, ஒரு பரலுக்கும், அது நிரம்பினால் வாய்க்காலுக்கும் போக விட்டேன். பரலை நுளம்பு புகாதபடி வலையால் மூடிக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, சரிவு. வீட்டிலிருந்து 10 அடி தூரத்திற்கு இரண்டரை அங்குலம் பள்ளமாக மண்ணை இழுத்து விட்டால் போதும்.

மூன்றாவது, வாய்க்கால். வளவின் பள்ளமான பக்கமாக ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டி, உடைந்த கல்லும் ஓடும் நிரப்பினோம். முடிவு தெருக் கானில். களிமண்ணில் வெறும் கிடங்கு வெட்டி நிரப்பினால் அது தொட்டியாகவே நிற்கும். வெளியே போக வழி வேண்டும். கிணற்றுப் பக்கமோ அயலவர் வளவுக்கோ தண்ணீரைத் திருப்பக் கூடாது.

நான்காவது, நடைபாதை. மலசலகூடம் வரை நாலு அங்குலம் கிறவல் போட்டு இடித்து இறுக்கினோம். களியின் மேல் கொஞ்ச மணலைத் தூவுவதால் பயனில்லை. அது சேற்றோடு கலந்துவிடும்.

அயல்வீட்டுப் பெண்கள் இருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். பதிலுக்கு அவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். முதல் சிறுமழைக்குப் பின், மண் ஈரப்பதமாக இருக்கும் நாளில் வெட்டுவது இலகு. காய்ந்த களி அலவாங்குக்கும் மசியாது.

ஒன்றை மறக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் வெட்டுங்கள். அங்கும் சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பிள்ளைகளைத் தூர விலக்கி, 119க்கு அல்லது கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

கடந்த மாரியில் எங்கள் முற்றத்து வெள்ளம் சில மணித்தியாலங்களில் வடிந்தது. மிஞ்சிய காசில் நடைபாதை ஓரமாகக் கைபிடிக்க இரும்புக் குழாய் நட்டேன். இரவில் மகளை எழுப்பாமல் நானே போய் வருகிறேன். தம்பிக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.

முற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அடுத்த மழையில் திண்ணையில் இருந்து பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம். அடுத்த மாதம் சந்திப்போம்.