மாணவர் ஆவணப்படமும் காட்டப்படுவோர் உரிமையும்

ஆவணப்பட அறம் குறித்து மாணவர்க்குக் கற்பிக்கையில் முன்இசைவு பெறுதலே பெரிதும் வலியுறுத்தப்படுகிறது. அது தேவையானது, ஆயின் போதுமானதன்று.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968இல் இந்தியாவில் படம்பிடித்து உருவாக்கிய ‘ஃபாண்டம் இந்தியா’ (1969) ஏழு பகுதிகளைக் கொண்ட தொடராகும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமமும் அதில் இடம்பெறுகிறது. மக்கள் படக்கருவியை உற்றுநோக்கும் காட்சிகளை மால் நீக்கவில்லை. தாம் அயலார் என்பதையும் பின்னணியுரையில் ஒப்புக்கொண்டார். இது பாராட்டத்தக்க நேர்மை. 1970இல் பிபிசி அதனை ஒளிபரப்பியபோது இந்திய அரசு எதிர்த்தது. பிபிசியின் தில்லி அலுவலகம் மூடப்பட்டது. பூசல் நாட்டின் நற்பெயருக்கும் ஒளிபரப்பு உரிமைக்கும் இடையிலானது. படத்தில் காட்டப்பட்ட மனிதர் அதில் ஒரு தரப்பாக எண்ணப்படவில்லை.

இன்று வைத்திக்குப்பத்து மீனவரைப் படம்பிடிக்கும் புதுச்சேரி மாணவர்க்கும் இச்சிக்கல் உரியது. கையொப்பமிடுபவர் படப்பிடிப்புக்கே இசைகிறார். தம் சொல் எக்காட்சியின் அருகில் வைக்கப்படும் என்பதை அவர் அறியார். பொருள் மாறுவது படத்தொகுப்பில்தான். எனவே, இறுதி வடிவத்தைக் காட்டப்பட்டோர்க்கு முதலில் திரையிட்டு, அவர்தம் மறுப்பைக் கேட்டறிந்த பின்னரே துறைகள் அதனை மதிப்பீட்டிற்கு ஏற்றல் வேண்டும்.

முறைகேடுகளை வெளிக்கொணரும் படங்களுக்கு இவ்விதி தடையாகும் எனலாம். அதிகாரமுடையோர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்பே போதும்; மறுமொழி கூற மேடையற்ற எளியோர்க்கே முன்திரையிடல் இன்றியமையாதது.