எடுத்ததும் எடுத்துக்கொண்டதும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு கூட்டம் இருக்கும். கூடை, ஐஸ், ஏலக் குரல் என்று பிழைப்பைப் பார்க்கிற கூட்டம் ஒன்று. கழுத்தில் கேமரா தொங்க, மீன் கழுவிய தண்ணீர் ஷூவில் பட்டுவிடாமல் தாண்டித் தாண்டி நடக்கிற கூட்டம் இன்னொன்று. இதற்கு ‘போட்டோ வாக்’ என்று பெயர். நான் இரண்டாவது கூட்டத்து ஆள். ஐம்பது வயதில் கேமரா வாங்கியவனுக்கு நடைப்பயிற்சியும் ஆயிற்று, கலையும் ஆயிற்று.

சில மாதங்களுக்கு முன் அங்கே மீன் வெட்டும் ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். வஞ்சிரத்தில் இறங்குகிற கத்தி, முழங்கை வரை தெறித்த ரத்தம், பின்னாலிருந்து சாய்வாக விழுந்த முதல் வெயில். இன்ஸ்டாகிராமில் போட்டேன், முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். அடுத்த முறை போனபோது அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா தம்பி, போன தபா என்னைப் படம் எடுத்துக்கினு போனியே, எங்க அது?”

போனில் தேடிக் காட்டினேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் பெருமையாகச் சொன்னேன்.

“ஊரே பாத்துக்கீது. நான் மட்டும் பாக்கல” என்றவர், அடுத்த மீனைப் பலகையில் போட்டார். கோபமெல்லாம் இல்லை. பாக்கிக் கணக்கைக் கேட்கிற குரல்.

‘எடுத்துக்கினு போனியே.’ வீடு வரும்வரை அந்தச் சொல் கூடவே வந்தது.

எங்கள் வட்டாரத்து நலச் சங்க அறையில் ஞாயிறு மாலைகளில் புகைப்பட வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. நடத்துகிறவர் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்து, போனுக்குள் கேமரா வந்த பிறகு ஷட்டரை இழுத்து மூடியவர். கடை ஷட்டரைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவி, ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் இருவர், நான். இவ்வளவுதான் வகுப்பு. அப்பர்ச்சர் எண் கூடக்கூடத் துளை சின்னதாகும் என்பது எங்கள் தலையில் ஏறவே இல்லை. “ஒரு தோசையை நாலு பேருக்குப் பிய்ச்சா பங்கு பெரிசா, பதினாறு பேருக்குப் பிய்ச்சா பெரிசா? அவ்வளவுதான் சார், அந்த எண்ணு” என்றார். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

அவரிடம் காசிமேட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் கேள்வி கேட்டார். “உங்க பாட்டி போட்டோ எடுத்தாங்களா, எடுத்துக்கிட்டாங்களா?”

எடுத்துக்கொண்டாள். இந்த இடத்தில் தமிழ் கறாரானது. ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எடுத்தார்; முன்னால் உட்கார்ந்தவர் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை. எந்தப் புடவை, யார் பக்கத்தில் யார், பின்னால் மாடிப்படி வரைந்த திரையா ஏரி வரைந்த திரையா, எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு சொல் இருந்தது. என் அம்மாவின் வளைகாப்புப் படத்தில் பக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். ஜடை நீளத்துக்குத் தைத்த பூ முன்னாலிருந்து தெரியாதே! முகமும் வேண்டும், பூவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தானே காசு. பெண் பார்க்க அனுப்பும் படமென்றால், கன்னத்துத் தழும்பை மறைக்கச் சொல்லிக் காதோடு சொல்வார்களாம் தாய்மார்கள். எங்கள் ஆசிரியர் கூர்சீவிய பென்சிலோடு நெகட்டிவின் மேல் குனிந்துவிடுவார். ‘டச்சிங்’ என்பது அதுதான்.

எடுத்துக்கொள்ளாதவர்களை எடுத்த வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். படமும் எடுத்தார். 1909இல் தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. சாதியின் பெயர் இருக்கும். தர்ஸ்டனைத் திட்ட வாய் திறந்தவன், என் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே நான் என்ன எழுதினேன் என்று போய்ப் பார்த்தேன். ‘மீன்காரப் பெண், காசிமேடு.’ வாயை மூடிக்கொண்டேன்.

தர்ஸ்டனின் படங்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம்மவர்கள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டவை பரணில் பூஞ்சை பிடித்துப்போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், மிஞ்சிய குடும்பப் படங்களை டிஜிட்டல் பிரதிகளாக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் கைகொடுத்தது. ஒரு சமூகம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சாட்சி ஏது?

போட்டோ வாக்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் ஸ்காட் கெல்பி 2008இல் உலகம் முழுக்க ஒரே நாளில் நடக்கிற போட்டோ வாக்கைத் தொடங்கினார். சென்னையிலும் வார இறுதியில் கிளம்புகிற குழுக்கள் உண்டு. கேமராவோடு தனியாகச் சந்துக்குள் நுழையத் தயங்குகிற பெண் பத்துப் பேரோடு துணிந்து போகிறாள். புத்தகத்தில் புரியாத ஷட்டர் வேகம் பக்கத்தில் நடப்பவர் ஒரு வார்த்தை சொன்னதும் புரிகிறது. நம் ஊரையே அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறோம். ஆனால் பத்து கேமராவும் ஒரே பாட்டியைச் சூழ்ந்துகொள்ளும்போதுதான் வினை. சவுகார்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர் எங்களுக்காக ஒரே டீயை ஏழு முறை தூக்கி ஆற்றினார். டீ ஆறியே போயிற்று. குடிக்க வந்தவர் எங்களைப் பார்த்த பார்வையை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

இதற்கு மறுகரையும் இருக்கிறது. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர் எம். பழனிகுமார், மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து அவர் கற்றுத்தருகிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைப் படமெடுத்தால் கீழே ‘பெண் தொழிலாளி’ என்றா எழுதுவார்கள்?

நான் செய்தது சின்ன வேலை. படத்தை எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. இத்த எங்க மாட்றது? சாமி படத்தாண்ட கத்தியும் ரத்தமுமா மாட்டவா? நானு, என் பொண்ணு, பேரப்புள்ளைங்க அல்லாரும் இருக்கற மாதிரி எடுத்துக் குடு. குளிச்சி, நல்ல சீலை கட்டிக்கினு.”

வகுப்பில் சொன்னேன். அடுத்த ஞாயிறே பாடம் அந்த அம்மாவின் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. விஷயம் பரவி 16 குடும்பங்கள் வந்துவிட்டன. ஆசிரியருக்குப் பழைய கடையைத் திறந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். நேர் வெயிலில் நிறுத்தினால் கண் சுருங்கும், மூக்கு நிழல் உதட்டில் விழும் என்று எல்லோரையும் சுவர் நிழலுக்கு இழுத்தார். எதிர்ச்சுவர் வெள்ளையடித்தது, அதுவே விளக்காயிற்று. இரண்டு வரிசை என்றால் அப்பர்ச்சர் எட்டு, அப்போதுதான் பின்வரிசையும் தெளிவாக விழும். அகல லென்ஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் ஓரத்தில் நிற்கும் சித்தி குண்டாகிவிடுவாள், பின்னால் போ. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல். இமைத்த முகம் குறையும். அப்படியும் ஒன்றுக்கு ஐந்து எடு.

அந்த அம்மா மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வந்தார். மகளும் பேரப்பிள்ளைகளும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வீட்டுக்குள் போய், இறந்துபோன கணவரின் சட்டமிட்ட படத்தைக் கொண்டுவந்து அதில் சாய்த்து வைத்தார். பிறகு இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கொஞ்சம் சிரிங்கம்மா” என்றாள் கல்லூரி மாணவி.

“எப்படி உக்காரணும்னு அவங்களுக்குத் தெரியும். நீ ஃபோகஸைப் பாரும்மா” என்றார் ஆசிரியர்.

அந்தப் படத்தை எங்கள் போட்டோ வாக் குழுவில் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாய்ந்த வெளிச்சம் இல்லை, கணநேரத் தற்செயல் இல்லை. ஐந்து பேரும் சட்டத்துக்குள்ளிருந்து ஒருவருமாக ஆறு பேர் நேராகப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

பிரிண்ட்டைக் கொடுத்தபோது விலை கேட்டார். வேண்டாம் என்றேன். சுருக்குப்பையைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். ஆசிரியர் என்னைப் பார்த்து ‘வாங்கிக்கோங்க’ என்பதுபோலத் தலையசைத்தார்.

மறுவாரம் துறைமுகத்தில் என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

“தம்பி, சின்னவன் மூஞ்சி இருட்டாக் கீது. கொஞ்சம் வெளிச்சம் வெச்சி வேற போட்டுக் குடு. பொண்ணு வூட்டுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு. ரெண்டு காப்பி.”

எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். புகார் வந்தது இதுதான் முதல் முறை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, எந்தப் பேரன் சின்னவன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.