திறப்பு லண்டனில், வீடு வல்வெட்டித்துறையில்

2025 சித்திரா பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தமும் இந்திர விழாவும் முடியும்வரை எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகளில் விளக்கு எரிந்தது. அடுத்த கிழமை எண்ணிப் பார்த்தேன், இரண்டு. மற்றவற்றின் திறப்புகள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் திரும்பிப் போய்விட்டன. எங்கள் வீட்டுத் திறப்பும் என் பையில்தான் இருந்தது.

1938இல் அன்னபூரணி அம்மாள் பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்று ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்களின் ஊர் இது. நாங்கள் போனது வேறு விதம். 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை ஊருக்குள் ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பிறகு அம்மா என்னை அனுப்பி வைத்தார். லண்டன் தந்த வசதிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு பதறாமலிருக்கப் பத்து வருடம் எடுத்தது, ஆனாலும் அந்த நிம்மதி வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு பவுண்கூடக் கட்டவில்லை. குளிரையும் இரட்டை வேலையையும் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஊரில் எங்கள் காணிக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் நாங்கள் பேசுவதில்லை.

பிரித்தானியக் குடியுரிமை எடுத்ததும் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. இரட்டைக் குடியுரிமை பெறாதவர் சொந்த ஊரிலேயே வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றப்படுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவினரின் சொத்து வாரிசுக்கு வருவதற்கு விலக்கு உண்டு. ஆகவே அம்மாவின் சீதன வீடு எனக்கு வரலாம். வேலிக்கு அப்பால் இருக்கும் இரண்டு பரப்பை அதன் சொந்தக்காரர் விற்க வந்தாலும் நான் வாங்க முடியாது.

இதைவிடச் சிக்கலானது ஆட்சி உரித்து. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். அனுமதியோடு குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கள் ஊரில் அனுமதி வாய்ப்பேச்சுத்தான். சொன்னவரும் கேட்டவரும் இறந்துவிட்டால் எதை வைத்து நிரூபிப்பது? போர்க்காலத்துக்கு நிவாரணமாக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்குத் தொடரலாம் என்றது. அதற்குத் தந்த அவகாசமோ இரண்டே ஆண்டுகள். அதிலும் 'தீவிரவாதக் குழுக்களின் செயற்பாட்டால்' நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். 1987இல் ஒப்பரேசன் லிபரேசனின் ஷெல்லடிக்கு ஓடியவர் அந்த வசனத்தில் எங்கே நிற்பார்? லண்டனில் எனக்குத் தெரிந்த எவரும் அந்த அவகாசத்தைப் பயன்படுத்தவில்லை. அப்படியொரு சட்டம் வந்ததே பலருக்குத் தெரியாது. கோயில் கோபுரத்துக்கும் தைப்பொங்கல் பட்டப் போட்டிக்கும் நிதி சேர்த்த எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் ஊரில் நின்ற நாட்களில் எல்லோருடைய வாயிலும் மார்ச் 28 வர்த்தமானிதான். வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்றது அறிவித்தல். வடமராட்சி கிழக்குக் காணிகளும் அதில் இருந்தன. ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் துண்டு அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் மூன்று மாதத்தில் நான் எதைக் காட்டியிருப்பேன்? உறுதியின் மூலப்பிரதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பதையே இந்த முறைதான் கேட்டு அறிந்தேன். லண்டனில் பிறந்த என் மகன் அந்தப் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில என்ன எழுதியிருக்கு அப்பா?" என்று கேட்டான்.

எங்கள் வளவை முப்பது வருடமாகக் கூட்டிப் பெருக்கி, கிணறு இறைத்து, விதானையாருக்குப் பதில் சொல்லி வருபவர் பின்வளவில் ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும் சின்னம்மா. முன்னால் நாலு அறை வீடு பூட்டிக் கிடக்கிறது. அவருடைய மகன் ஆட்சி உரித்துக் கேட்டால் சட்டம் என் பக்கம் நிற்கலாம். நியாயம் யார் பக்கம் என்று என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. புலம்பெயர்ந்தவரின் காணியைக் காக்க வேண்டும் என்று பேசும்போது, அதை இதுவரை காத்தவரின் பங்கை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

சின்னம்மாவிடம் இதை மெல்லச் சொன்னேன். "உறுதியைப் பிறகு பாரன் தம்பி. மாரிக்கு முன்னம் கூரைக்கு ஒரு ஆளைப் பிடி" என்றார்.

கூரை வேய்ந்தாயிற்று. முன்வீட்டில் சின்னம்மாவுக்குச் சீவிய உருத்து எழுதித் தர நொத்தாரிசு ஆயத்தம். அதற்கு நாங்கள் நான்கு பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். நான் ஊரிலேயே வைத்துவிட்டு வந்தேன். அக்கா லண்டன் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் எழுதி அனுப்பிவிட்டார். கனடாத் தம்பியுடையதும் வந்துவிட்டது. பாரிஸ் அண்ணா இன்னும் பதில் போடவில்லை.