மஞ்சளுக்கும் ஓர் ஒளி உண்டு

மஞ்சளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நடை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் சித்தர் மரபு. அடுத்துப் பாட்டியின் கைவைத்தியம். பிறகு, 'இதனை இன்று மேலைநாட்டு விஞ்ஞானிகளும் ஒப்புக்கொண்டுவிட்டனர்' என்ற வாக்கியம் தவறாமல் வரும். எதை, எப்படி அளந்து ஒப்புக்கொண்டனர் என்பது மட்டும் வராது. இந்த 'எப்படி'யை விட்டுவிடுவது நம் உரைநடையின் பெரிய குறை என்பது என் எண்ணம். அதற்கு விலை கொடுப்பவர்கள் எழுதியவர்கள் அல்லர்.

மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுச் செல்லின் 'கழிவகற்றும் பாதை'யை அடைத்து அதனைக் கொன்றுவிடும் என்றிருந்தது. வீட்டில் நோயாளி இருக்கிறார். ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமா என்பது அவர் கேள்வி. மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தாதீர்கள், மாத்திரை சாப்பிடுவதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டுமானால் அந்தப் பாதையை எப்படி அளக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடிப் படித்தேன்.

சாலை விரிவாக்கத்தின்போது இடிக்க வேண்டிய சுவர்களில் சிவப்பு மையால் குறியிட்டுப் போவார்கள். செல்லுக்குள்ளும் அதுவே நடக்கிறது. அங்கே குறியாகப் பயன்படுவது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம். 76 அமினோ அமிலங்கள் கோத்த சரடு. எங்கும் காணப்படுவதால் 'எங்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். இக்குறி சங்கிலியாக ஏறிய புரதத்தைப் புரோட்டியசோம் என்னும் அரைவை எந்திரம் துண்டாடிவிடும். இதனைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

எந்தச் சுவரில் குறி விழ வேண்டும் என்று முடிவு செய்யும் சர்வேயர்தான் யூபிக்விட்டின் லைகேஸ் என்னும் நொதி. மனித உடலில் சுமார் 600 வகை உண்டு. எம்டிஎம்2 என்ற ஒன்று, புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தின் மீதே குறியிடுகிறது. சில புற்றுகளில் அது அளவுமீறி வேலை செய்கிறது. அதன் கையைப் பிடித்து நிறுத்தும் மருந்தைத் தேட வேண்டுமானால், முதலில் குறியிடும் வேகத்தை அளக்க வேண்டும். அளவுகோல் ஒளி.

மதுரைக்காரர்களுக்கு இந்த ஒளி புதிதன்று. நெல் அறுக்கையில் தாள் கண்ணில் கீறியவர்கள், 1976இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கண்ணில் மஞ்சள் சாயம் வைத்து நீல விளக்கில் பார்ப்பதை அறிவார்கள். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். சாயத்தின் பெயர் ஃபுளோரசீன். 1871இல் ஜெர்மனியில் உருவானது. ஆய்வகத்திலும் இதே உத்திதான். யூபிக்விட்டினில் ஒரு சாயம், இலக்குப் புரதத்தில் வேறொரு சாயம். நொதி இரண்டையும் இணைத்து, இடைவெளி சுமார் 10 நானோமீட்டருக்குள் வந்தால், முதற்சாயம் வாங்கிய ஆற்றல் இரண்டாவதற்குத் தாவி, ஒளியின் நிறம் மாறும். 1948இல் ஃபோர்ஸ்டர் விளக்கிய விதி இது. நொதி வேலை செய்யச் செய்ய இரண்டாம் நிறம் நிமிடத்திற்கு நிமிடம் ஏறும். மருந்தை விட்டதும் ஏறுவது நின்றால், மருந்து நொதியைத் தடுத்தது என்று கொள்வார்கள்.

நிற்க. மஞ்சள் தானே ஒளிரும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ், ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள்தூளைப் பிடித்துப் பாருங்கள். குர்குமின் நீல ஒளியை விழுங்கிப் பச்சையில் உமிழ்கிறது. அதாவது அளக்கும் சாயங்கள் பல இயங்கும் அதே அலைநீளங்களில். சாயத்திற்குப் போக வேண்டிய ஒளியை இது குடித்துவிடும். தன் ஒளியையும் கலந்துவிடும். நொதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, கருவி 'நின்றுவிட்டது' என்று காட்டக்கூடும். போதாக்குறைக்கு, குர்குமின் பல புரதங்களோடு வரைமுறையின்றி ஒட்டும். உடலின் காரநிலையுள்ள நீரில் நிமிடங்களில் சிதையத் தொடங்கும். 2017இல் 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு இவற்றையெல்லாம் எடுத்துரைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், போலி மருந்தோடு ஒப்பிட்ட இரட்டை மறைப்புச் சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றும் அது கூறியது.

ஏமாறாமலிருக்க வழிகள் உண்டு. நொதியே இல்லாமல் ஒருமுறை அளக்கலாம். சிவப்பில் ஒளிரும் சாயத்திற்கு மாறலாம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. மஞ்சளின் ஒளி நானோநொடிகளில் அணைந்துவிடும். டெர்பியம், யூரோப்பியம் போன்ற தனிமங்களின் ஒளி மில்லிநொடிக் கணக்கில் நிற்கும். ஆகவே விளக்கடித்ததும் கருவி சற்றுக் காத்திருந்து, மஞ்சள் அடங்கிய பிறகு பார்க்கிறது. இவற்றுள் எதைச் செய்தார்கள் என்று சொல்லாத மஞ்சள் கட்டுரையை நான் நம்பத் தயாரில்லை.

1995இல் மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997இல் நீக்கச் செய்ததே என்பார்கள். பெருமைக்குரிய வெற்றிதான். ஆனால் அது நூற்சான்றின் வெற்றி. நாம் முன்பே பயன்படுத்தினோம் என்பதைப் பழைய ஏடுகள் நிறுவின. காப்புரிமைக்கு அதுவே போதும். எந்த நொதியை எவ்வளவு தடுக்கிறது என்பதை எந்த ஏடும் நிறுவாது. இவ்வேறுபாட்டை நாம் எளிதில் உணர்ந்திருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்த பிறகே ஒரு சொல்லை ஏற்றார். நொதி இல்லாமல் ஒருமுறை அளப்பதும் அத்தகைய ஒப்புநோக்கல்தான்.

நாமோ இது நொதியா, நொதியமா, என்சைமா என்று பல ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம். செய்முறையை எழுதினால் வாசகன் அலுத்துக்கொள்வான் என்றும் சொல்கிறார்கள். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் கட்டத்தை அலுக்காமல் படிப்பவன், இதற்கு மட்டும் அலுத்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில், இன்றைய காமராசர் பல்கலைக்கழகத்தில், தமிழியற் புலமும் உயிரியற் புலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மாதம் ஒருநாள் இரு புலத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வுத்தாளை எடுத்து, அதன் செய்முறைப் பகுதியை மட்டும் தமிழில் எழுதிப் பார்க்கலாம். முதல் தாள் மஞ்சளைப் பற்றியதாகவே இருக்கட்டும்.