பழனிக்கு நடப்பவர்களும் ட்ரெக்கிங்தான் போகிறார்கள்!

ட்ரெக்கிங் என்றவுடன் எல்லோருக்கும் இமயமலைதான் ஞாபகம் வருகிறது. முதுகில் பெரிய பை, காலில் விலை கூடிய ஷூ, கூடாரம்... ஆனால் தை மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பொன்னமராவதி பக்கம் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தோளில் ஒரு துணிப்பையோடு, செருப்பு கூட இல்லாமல் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு! சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 100 கிலோமீட்டருக்கு மேல் நடை. குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார்கள் திரும்பி வருவதும் நடந்தேதான்.

விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பிப்பார்கள். வெயில் ஏறினால் புளியமரத்தடியிலோ பந்தலிலோ துண்டை விரித்துப் படுப்பார்கள். காலில் கொப்புளம் வந்தவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் தைலம் தேய்த்து விடுவார். முதலாளியும் கொத்தனாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை.

இவ்வளவும் சரி, இரவு எங்கே படுப்பது? இடம் கிடைக்காதவர்களுக்கு ரோட்டோரம்தான். பக்கத்திலேயே லாரி போகும். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று யாராவது கேட்கிறோமா?

ஸ்பெயினில் சாந்தியாகோ என்ற ஊருக்கும் இப்படித்தான் நடக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர். வழி நெடுக மஞ்சள் அம்புக்குறி, ஊருக்கு ஊர் நடப்பவர்களுக்கென்றே எளிய விடுதி. 1993-ல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

"இது பக்தி, அது டூரிஸம்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் ஒரு புனிதரின் கல்லறைக்குப் போகும் பக்தி யாத்திரையாகத் தொடங்கியதுதான். இன்று சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் அங்கே நடக்கிறார்கள்.

அன்னதானம் செய்ய நம் ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை எடுத்து வைத்தால், சில வருடங்களில் ஊருக்கு ஒரு கூடமும் இரண்டு கழிப்பறையும் கட்டிவிடலாம். பந்தல் தைப்பூசம் முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிடும். கூடம் வருடம் முழுக்க நிற்கும். ரோட்டை அகலப்படுத்தும்போது நடப்பவர்களுக்கும் ஓரமாக ஒரு பாதை விட்டால் போதும்.

அதுவரை இரவில் நடப்பவர்கள் ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கட்டும். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொள்ளட்டும். வண்டி ஓட்டுபவர்களும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே? முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா?