பாலிஷ் மெஷின் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை

கேம்ப் ரோட்டிலிருந்து செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரை ஒருமுறை போய் வந்தால், கார் கழுவும் நிலையங்கள் எத்தனை பெருகிவிட்டன என்பது தெரியும். வெறும் தண்ணீர் அடித்துத் துடைத்துக் கொடுத்த காலம் போய், இன்று பாலிஷ், கோட்டிங் என்று எல்லோரும் போர்டு வைக்கிறார்கள். அவர்களும், வீட்டிலேயே காரைப் பளபளப்பாக்க ஆசைப்படும் கார் சொந்தக்காரர்களும் நம் கடைகளுக்கு வந்து "பஃபிங் மெஷின் ஒன்று கொடுங்கள்" என்கிறார்கள். நாமும் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்து பில் போட்டு விடுகிறோம். இந்தப் பழக்கம் நமக்குக் கேடு என்பதே நமது தாழ்மையான கருத்து.

ஊரைக் குறை சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன், கடன் வாங்கி வாட்டர் வாஷ் ஆரம்பித்த ஒரு தம்பி நமது கடைக்கு வந்தார். விலை குறைவாக வேண்டும் என்றார். நாம் 4 அங்குல கிரைண்டரும் அதில் மாட்டும் கம்பளி பேடும் கொடுத்து, "எல்லாத்துக்கும் இதுவே போதும்" என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாளில் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் கறுப்பு கார் பானட்டின் ஓரத்தில் பெயின்ட் கருகி உள்ளே இருந்த பிரைமர் தெரிவதைப் படமெடுத்துக் கொண்டு வந்து காட்டினார். "அய்யா, நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்றார். பானட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்த செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். அந்த வார்த்தை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். இரும்பு தேய்க்கப் பிறந்த சரக்கு அது. ரோட்டரி பாலிஷர் என்பது வேறு. அது 600 முதல் 3,000 சுற்றுக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்யப்பட்டது. கைதேர்ந்த பெயின்டர் அதைக் கொண்டு அருமையாக வேலை செய்வார். ஆனால் அதுவும் ஒரே அச்சில் சுற்றுவதால், ஓரிடத்தில் சற்று நின்றால் சூடு ஏறிவிடும். காரின் மேல் உள்ள கிளியர் கோட் பல கார்களில் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அத்தனை மெல்லிய பூச்சின் மேல்தான் இந்த வேலை நடக்கிறது.

ரேண்டம் ஆர்பிட்டல், கடைகளில் டிஏ என்று சொல்லும் மெஷினில், பேட் தானும் சுற்றும், மையம் விலகி வட்டமும் அடிக்கும். சூடு ஓரிடத்தில் சேராது. புதியவர் கையில் கொடுக்கத்தக்கது இதுவே. இதிலும் 8, 15, 21 மி.மீ. என்று வட்டத்தின் அளவு உண்டு. இத்தாலி நாட்டு ரூபெஸ் கம்பெனி தன் மெஷின்களின் பெயரிலேயே 15, 21 என்று இதைப் போட்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு 8 போதும். தொழில் செய்பவருக்கு 5 அங்குல பிளேட்டுடன் 15 தாராளம். நம் பகுதியில் ஓடுபவை பெரும்பாலும் சிறிய கார்கள்; வளைவும் நெளிவும் அதிகம். 21 மி.மீ. மெஷின் பெரிய வண்டியின் அகலமான கூரைக்கு நல்லது, விலை கூட என்பதற்காக அதை எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். பிளேட்டின் அளவை இஷ்டத்துக்கு மாற்றுவதும் தவறு. உள்ளே இருக்கும் எதிர் எடை அந்த பிளேட்டுக்கென்றே அமைந்தது. மாற்றினால் கை உதறும்.

மரவேலைக்கான ஆர்பிட்டல் சாண்டரையே பாலிஷர் என்று விற்பவர்களும் உண்டு. பார்க்க ஒரே ஜாடைதான். ஆனால் சாண்டரின் வட்டம் பல மாடல்களில் 2.5 மி.மீ. அளவே. மணிக்கணக்கில் தேய்த்தாலும் கீறல் போகாது.

"மெஷின் சுத்தல, மாத்திக் கொடுங்க" என்று சரக்கு திரும்பி வருவதை டிஏ விற்கும் எல்லோரும் பார்த்திருப்போம். பெரும்பாலும் மெஷினில் குறை இருக்காது. அழுத்திப் பிடித்தாலோ சாய்த்துப் பிடித்தாலோ பேட் சுற்றுவது நின்று வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இந்த ஒரு கோடு நமது கடையில் ரிட்டர்னைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

இனி பேட். மெஷினை ஒருவர் ஒருமுறை வாங்குவார். பேடுக்காக மாதாமாதம் வருவார். நம் வியாபாரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் பேடை நிறம் பார்த்து விற்கிறோம். நிறத்துக்குப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. ரூபெஸ் பேடில் மஞ்சள் என்றால் மெல்லிய பாலிஷுக்கு. அமெரிக்க லேக் கண்ட்ரி பேடில் மஞ்சள் என்றால் ஆழமாக வெட்டுவதற்கு. ஒரு கம்பெனி மஞ்சள் தீர்ந்தது என்று மற்றதன் மஞ்சளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். விரலால் அழுத்திப் பார்த்து, கடினம், நடுத்தரம், மென்மை என்று ராக்கையில் மூன்றாகப் பிரித்து வைப்பதே சரி. கம்பளியும் மைக்ரோஃபைபரும் வேகமாக வெட்டும், அவை தனி. வாடிக்கையாளருக்கு முதலில் நடுத்தரத்தைக் கொடுத்து, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் வெயிலில் காய்ந்து விட்டுப்போகும் உப்புக் கறைக்குக்கூடப் பல நேரம் அதுவே போதும்.

ஒரு காருக்கு ஒரே பேட் என்று அனுப்புவதும் சரியல்ல. காம்பவுண்டை உறிஞ்சி ஊறிப்போன பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். நாலைந்து பேடாவது வேண்டும். இதை வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவரிடம், மே மாத வெயிலில் ஒரு கதவை மட்டும் ஒரே பேடால் முடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டு வந்த மெஷினுக்குப் பேட் கேட்டு வருபவர்களுக்கு, அது 120 வோல்ட் சரக்கு, நம் 230 வோல்ட்டில் நேரே சொருகக் கூடாது என்று சொல்லி அனுப்புவது புண்ணியம்.

சட்டத்தையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தயாரிப்பாளர் சொல்லாத உறுதியை நாமே வாயால் கொடுத்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டாலும், அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரே பொறுப்பு என்று அதில் இருக்கிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கானால் நம் கழுத்துக்குத்தான் வரும். பெட்டியில் வரும் குறிப்புத்தாளைத் தூக்கிப் போடாமல் கொடுப்பதும், பெயரில்லாப் பெட்டிகளை வாங்காமல் இருப்பதும் நமக்கே காப்பு.

விலையில் ஆன்லைனோடும் ஜி.பி. ரோடு மொத்தக் கடைகளோடும் நாம் போட்டி போட முடியாது என்பது உண்மைதான். என்ன கார், யார் ஓட்டப் போகிறார், நிழல் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுக்கும் வேலையை ஆன்லைன் செய்வதில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் பழைய பானட் ஒன்றை மேஜைமேல் வைத்து, ரோட்டரி, டிஏ இரண்டையும் ஓட்டிக் காட்ட நாம் தயார். பானட்டும் மெஷினும் நம்முடையவை. காம்பவுண்ட் மட்டும் உறுப்பினர் யாராவது கொண்டு வரட்டும்.