ஊர்ப் பெயர் இல்லாத மணி

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி. இரவு ஷிப்ட். ஒரு பெண் சட்டைக் கழுத்தில் லேபிள் தைத்துக் கொண்டிருக்கிறாள். லேபிளில் இருப்பது கடல் கடந்த ஒரு கடையின் பெயர். கீழே சிறிய எழுத்தில், இந்தியாவில் தயாரித்தது என்றிருக்கும். பெருமாநல்லூரும் இல்லை, திருப்பூரும் இல்லை.

"பெயரில் என்ன இருக்கிறது? கூலி வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை அரிக்கமேட்டுக்குப் போய் வரவேண்டும்.

சேலம், விழுப்புரம் வழியாக ஓர் இரவுப் பயணம், விடிந்தால் புதுச்சேரி. அங்கிருந்து கடலூர் சாலையில் தெற்கே சில கிலோ மீட்டர் போனால் அரியாங்குப்பம். ஆற்றங்கரையில் மாமரங்களுக்கு நடுவே ஒரு மேடு. பிற்காலத்துப் பாதிரிமார் கட்டிய ஒரு கட்டிடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். "இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் இந்த மேடு ஒரு காலத்தில் உலகத்துக்கே கண்ணாடி மணி செய்து கொடுத்த தொழிற்பட்டணம்!

மண்ணுக்குள் இருந்தது

1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். ரோமாபுரிச் சாடிகளும் இத்தாலி நாட்டுச் சிவப்பு மண்பாண்டங்களும் கிடைத்தன. பின்னர் பிரெஞ்சு அறிஞர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு தோண்டியது. பல நிறக் கண்ணாடி மணிகளும், மணி செய்த கண்ணாடிக் கழிவுகளும் கிடைத்தன. வாங்கி விற்ற பண்டமல்ல, இங்கேயே செய்த பண்டம் என்பதற்கு அந்தக் கழிவே சாட்சி.

செய்த முறையும் சாமானியமானதல்ல. உருகிய கண்ணாடி உருண்டைக்குள் துளை விட்டு, அதை நீளமாக இழுத்து மெல்லிய குழாயாக்குவார்கள். குழாயைப் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். துளை அடைபடாமல் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றுவார்கள். கூர் மழுங்கி மணி உருண்டு வரும். செம்பு கலந்து காற்றுக் குறைந்த சூளையில் உருக்கினால் செங்கல் நிறம். அதே செம்பு, காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையும் நீலமும் தரும். ஆந்திராவில் காளத்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இதே முறையில் மணி இழுத்தார்கள்.

யாருடைய பெயர்?

ஆப்பிரிக்கக் கரை முதல் ஜப்பான் வரை இத்தகைய மணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு அறிஞர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? இந்தோ-பசிபிக் மணிகள்! இரண்டு மாகடல்களின் பெயர் வந்துவிட்டது. சூளையில் வெந்தவனின் ஊர்ப் பெயர் வரவில்லை.

கிரேக்க மொழியில் எழுதிய ஒரு மாலுமி பொதுகே என்று ஒரு துறைமுகத்தைக் குறித்து வைத்தான். அது இந்த மேடுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தப் பெயரைக் காப்பாற்றியவனும் வெளியூரான்தான்.

காலப்போக்கில் இலங்கையின் மாந்தையிலும், தாய்லாந்தின் குளோங் தொமிலும் இதே மாதிரி மணிகள் செய்தார்கள். ஒரு மணியை எடுத்து, இது எந்த ஊர்ச் சூளையில் வெந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்று ரசாயனச் சோதனை செய்து கண்டறியப் பாடுபடுகிறார்கள்.

திருப்பூர் யோசிக்க வேண்டியது இதைத்தான். 2024-25-ல் திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். சாதாரணத் தொகையா? ஆனால் பெயர் இல்லாத பண்டத்தை எங்கே வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம். இன்று பெருமாநல்லூருக்கு வரும் ஆர்டர், பீசுக்குச் சில காசு குறைந்தால் நாளை வங்காளதேசத்துக்குப் போகும், வியட்நாமுக்குப் போகும். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. பெயர் என்பது வெறும் பெருமையல்ல, அது பிடிமானம்.

நொய்யல் கரைக்கு இது புதிய பாடமும் அல்ல. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர், சென்னிமலைப் பக்கத்துக் கொடுமணல்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே கல்மணிகள் செய்தார்கள், இரும்பும் உருக்கினார்கள். புலவர் பாட்டில் ஊர்ப் பெயர் இருந்ததால்தான், மண்ணைத் தோண்டியபோது, "இதுதான் அது" என்று சொல்ல முடிந்தது.

பிறர் பெயருக்குத் தைப்பதை நாளையே நிறுத்திவிட முடியாது. அது சோறு போடுகிற தொழில். ஆனால் பத்துச் சட்டைக்கு ஒரு சட்டையாவது சொந்தப் பெயரில் போகலாம். பழைய பின்னல் மெஷினைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் வைக்கலாம். குண்டம் திருவிழாவுக்குக் கொண்டத்துக் காளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு இந்த ஊர் நெய்து அனுப்புவதும் தெரியட்டும்.

அரிக்கமேட்டு மணி இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் நிறம் மங்கவில்லை. சட்டை அப்படி நிலைக்காது. சில ஆண்டுகளில் கந்தலாகிவிடும். அதைத் தைத்த ஊரின் பெயரை ஊர்க்காரர்களே எழுதி வைத்தால்தான் உண்டு.